மைனஸ் 25-இல் வேர்த்துக் கொட்டுவது எப்படி

ஜனவரியில் பின்லாந்தின் ரோவானியெமிக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் வாங்குவது, கடையில் இருப்பதிலேயே பெரிய ஜாக்கெட். அதற்குள் போடுவதோ வழக்கமான பருத்தி பனியன். பருத்தி வேர்வையைக் குடிக்கும், ஆனால் லேசில் காயாது. பத்து நிமிடம் பனியில் நடந்தால் வேர்க்கும். பிறகு இரவு வானில் வண்ணமாய் நெளியும் துருவ ஒளிக்காக அண்ணாந்து நின்றால், அந்த ஈரமே உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். திட்டு மட்டும் ஜாக்கெட்டுக்கு.

தோலை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர் தெர்மல், அதன்மேல் ஃபிளீஸ் (பஞ்சுபோன்ற செயற்கைத் துணி) அல்லது கம்பளி ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் வெளியே காற்றுப் புகாத ஜாக்கெட். சூட்டைக் காப்பது இடையில் சிக்கிய காற்றுதான். நடக்கும்போது ஜிப்பைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள், வேர்க்காது.

காலுக்கும் இதே கணக்கு. இறுக்கமான பூட்ஸில் இரண்டு ஜோடி சாக்ஸைத் திணித்தால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் மரத்துப்போகும். ஒரு சைஸ் பெரிதாக வாங்கி, உள்ளே விரலை ஆட்ட முடிகிறதா என்று பாருங்கள். கைக்கு, விரல்கள் ஒன்றாகக் கிடக்கும் மிட்டன். போனைத் தட்ட அதனுள் மெல்லிய கையுறை. நம்மூர் மங்கி கேப்பை யாரும் கேலி செய்ய மாட்டார்கள். அங்கே எல்லோரும் அந்தக் கோலத்தில்தான் திரிகிறார்கள்.

நாய் வண்டிச் சவாரி, ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் மோட்டார் வண்டி) சவாரி நடத்துபவர்களில் பெரும்பாலோர் ஓவராலும் பூட்ஸும் கட்டணத்திலேயே தந்துவிடுகிறார்கள். பெரிய ஜாக்கெட் அறையில் தூங்கும். அந்த ஓவரால் கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துண்டு. மாட்டும் முன் கழிவறைக்குப் போய்விடுங்கள். ரொம்ப முக்கியம்.

கட்டிடங்களுக்குள் 21 டிகிரி இருக்கும். நுழைந்ததும் மூக்குக் கண்ணாடியில் ஆவி படியும். கேமராவை வெளியிலேயே ஜிப் பையில் மூடி எடுத்து வாருங்கள். ஈரம் பையோடு நின்றுவிடும். 40 சதவீதத்தில் செத்த போனை உள்சட்டைப் பையில் வைத்தால் உயிர் வரும்.

விசாவுக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், கடைசி 15 நாள்வரை இழுக்காதீர்கள். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். டிசம்பர் கடைசியில் சூரியன் சுமார் 2 மணி நேரம் எட்டிப் பார்க்கும், அறை வாடகையோ உச்சத்தில் இருக்கும். துருவ ஒளி மட்டும் குறி என்றால் மார்ச்சே மேல்: பனியும் இருக்கும், பகலும் இருக்கும். மேகம் மூடினால் எந்த மாதமும் கைவிரிக்கும், அதனால் நான்கு இரவாவது ஒதுக்குங்கள்.

பொது நீச்சல் கூடங்களில் உள்ள சானா என்கிற வெப்பக் குளியல் அறைக்குள் நீச்சல் உடைக்குக்கூட அனுமதியில்லை. ஆண், பெண்ணுக்குத் தனித்தனி அறை. குளித்துவிட்டு உள்ளே போய், சிறு துண்டை விரித்து அதன்மேல் உட்கார வேண்டும். மேல் படியில்தான் சூடு அதிகம், முதல் தடவை கீழ்ப் படியே போதும்.