வாய்க்குப் போகும் சாயம்

குழந்தைத் துணிக்குச் சாயம் போடுகிறவர் நிறத்தைப் பற்றி யோசிக்கும் முன் எச்சிலைப் பற்றி யோசிக்க வேண்டும். நாம் சட்டையை உடுத்துகிறோம், ஆறு மாதக் குழந்தை அதைச் சப்புகிறது. கழுத்துப் பட்டை, கை நுனி, போர்வையின் மூலை எல்லாம் வாய்க்குள் போய் ஊறும். அதனால் செடிச் சாயத்தில் குழந்தைத் துணிகளைக் கட்டிச் சாயம் போடும் எங்கள் பட்டறையில் புதுச் சாயத் தொட்டியிலிருந்து வரும் முதல் துணியை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, இரண்டு வெள்ளைத் துணிகளுக்கு நடுவே வைத்து, இரவு முழுக்கப் பாரத்தின் கீழ் விட்டுவிடுவோம். காலையில் வெள்ளையில் நிறம் இறங்கியிருந்தால் அந்தத் தொட்டித் துணிகள் மொத்தமும் மறுபடி அலசலுக்குப் போகும். ஆய்வுக்கூடங்களில் இதற்கென்றே செயற்கை எச்சில் தயாரித்துச் சோதிக்கிறார்கள். எங்களுடையது கைவசம் உள்ளதை வைத்துச் செய்வது.

“செடியிலிருந்து எடுத்ததுதானே, என்ன ஆகிவிடப் போகிறது?” என்று கேட்கும் பெற்றோர் நிறைய. அந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. 1856-ல் வில்லியம் பெர்கின் செயற்கை ஊதாவைக் கண்டுபிடித்த பிறகு செடிச் சாயங்கள் மெல்ல ஒதுங்கிப்போயின. பின்னாளில் அசோ என்ற செயற்கைச் சாய வகையில் சில சிதைந்து, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய அமீன்கள் என்ற வேதிப்பொருள்களை வெளியிடும் என்று தெரியவந்து, 1994-ல் ஜெர்மனி அவற்றைத் தடை செய்தது. அந்தப் பயம்தான் பலரையும் செடிச் சாயத்தின் பக்கம் திருப்பியிருக்கிறது.

ஆனால் செடி என்ற ஒரே காரணத்துக்காக எதையும் குழந்தைக்கு ஆகும் என்று சொல்லிவிட முடியாது. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள பச்சிளங்குழந்தைகளுக்கு மருதாணி பூசியதால் ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. துணியில் ஏறிய மருதாணியும் அதைச் செய்யும் என்று நான் சொல்லவில்லை. இருந்தாலும் பிறந்த குழந்தையின் துணிக்கு வேறு எத்தனையோ செடிகள் இருக்கும்போது அது எதற்கு? சாயத்தைப் பிடிக்க வைக்கும் உப்புகளிலும் இதே கணக்குதான். குரோமியம், தாமிரம், வெள்ளீயம் மூன்றையும் பட்டறைக்குள்ளேயே விடுவதில்லை. இரும்பு அழகான சாம்பல் நிறம் தரும், ஆனால் நாள்பட நாள்படப் பருத்தி நூலை நைந்துபோக வைக்கும். கடைசியில் நிற்பது படிகாரம் ஒன்றுதான்.

பருத்தி லேசில் சாயத்தை ஏற்காது. முதலில் சலவைச் சோடா போட்ட தண்ணீரில் கொதிக்கவைத்து மெழுகையும் ஆலைப் பசையையும் எடுக்க வேண்டும். வெள்ளைத் துணியிலிருந்து தேநீர் நிறத்தில் தண்ணீர் இறங்குவதைப் பார்த்தால்தான் அதில் எவ்வளவு ஒட்டியிருந்தது என்று தெரியும். அப்புறம் கடுக்காய்த் தண்ணீர். கடுக்காயின் துவர்ப்பு நூலைப் பற்றிக்கொள்ளும், படிகாரம் அந்தத் துவர்ப்பைப் பற்றிக்கொள்ளும், சாயம் படிகாரத்தைப் பற்றிக்கொள்ளும். 100 கிராம் துணிக்கு 15 கிராம் படிகாரம் போதும். கூடப் போட்டால் நிறம் கூடாது, தண்ணீரில்தான் கரைந்து போகும்.

துணியை அங்கங்கே நூலால் இறுக்கிக் கட்டி, கட்டின இடத்தில் நிறம் ஏறாமல் வடிவம் வரவைக்கும் வேலை இதற்கு நடுவே வருகிறது. எந்த இடத்தில் வருகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. சிவப்புக்கு மஞ்சிட்டி வேர்ச் சாயத்தில் துணி ஒரு மணி நேரமாவது மெதுவான சூட்டில் ஊற வேண்டும். சூடு ஏறிவிட்டால் சிவப்பு மங்கிப் பழுப்பாகும். அவ்வளவு நேரம் ஊறினால் எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் சாயம் கட்டுக்குள் நுழைந்துவிடும். அதனால் கடுக்காய் முடிந்ததும் கட்டிவிடுகிறோம், படிகாரம் அதற்குப் பிறகுதான், அதுவும் ஆறிய தண்ணீரில், கொஞ்ச நேரம் மட்டும். கட்டுக்குள் படிகாரம் போகாததால் அங்கே நுழையும் சாயத்துக்குப் பிடிமானம் இல்லை, அலசும்போது பெரும்பாலும் வெளியேறிவிடும். கிடைப்பது சுத்த வெள்ளை இல்லை, கடுக்காயின் இளமஞ்சள் சாயல். எனக்கு அது வெள்ளையைவிடப் பிடிக்கும்.

வெட்டினாற்போல் கோடு வேண்டுமென்றால் நீலம் தரும் அவுரிச் செடிதான். தொட்டியில் சில நிமிடம் முக்கினால் போதும், படிகாரமும் வேண்டாம். மஞ்சள் கலந்த பச்சையாக வெளியே வரும் துணி காற்று பட்டதும் ஓரங்களிலிருந்து நீலமாக மாறும். மடிப்பைப் பிரிக்கப் பிரிக்க உள்ளே இன்னும் பச்சையாக இருக்கும் இடங்களும் நம் கண்ணெதிரே மாறும். பெருவில் ஹுவாகா பிரியெட்டா என்ற இடத்தில் கிடைத்த பருத்தித் துணிகளில் ஏறத்தாழ 6,000 ஆண்டுப் பழைய அவுரி நீலம் இருப்பதாக 2016-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அத்தனை கெட்டியான நிறம். ஆனால் அது நூலின் மேல் படிந்திருப்பது, அடர்த்தியாக ஏற்றினால் உரசலில் உதிரும். ஆகவே குழந்தைகளுக்கு வெளிர் நீலம் மட்டும்தான். தொட்டியில் சுண்ணாம்பின் காரமும் இருக்கும். காடி கலந்த தண்ணீரில் அலசி அதை முறிக்காமல் குழந்தையின் தோலில் போடக் கூடாது.

மஞ்சள் கிழங்கை எத்தனை பேர் கேட்டாலும் தவிர்க்கிறேன். வெயிலில் சீக்கிரம் வெளுக்கும், காரச் சோப்பு பட்டால் திட்டுத் திட்டாகச் சிவக்கும். மாதுளைத் தோல் தரும் மஞ்சள் அவ்வளவு பிரகாசமில்லை, ஆனால் நிற்கும்.

எங்களோடு வேலை செய்யும் அக்கா ஒருவர் கட்டுப் பிரிப்பதில் மட்டும் யாரையும் அவசரப்படுத்த விடமாட்டார். “நிறம் எங்கேயும் ஓடிப்போகாது, நூலைப் பாரு” என்பார். அவர் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. சட்டைக்குள் தங்கிவிடும் ஒரு துண்டு நூல் குழந்தையின் கால்விரலில் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டமே நின்றுவிடும். குழந்தை அழும், காரணம் வெளியே தெரியாது. ஒவ்வொரு சட்டையையும் உள்பக்கம் புரட்டி, காலுறையின் நுனிவரை விரலை விட்டுத் தடவிப் பார்க்கிறோம். கட்டுவதற்குத் துணியின் நிறத்தில் இல்லாத அழுத்தமான நிற நூலையே வைத்திருப்பதும் இதற்காகத்தான். அந்த நூலின் சாயம் கெட்டியா என்று முன்கூட்டியே வேகவைத்துப் பார்த்துவிடுவோம்.

சட்டையோடு ஒரு சிறு சீட்டும் வைக்கிறோம். எந்தச் செடி, எந்த உப்பு, என்று சாயம் ஏற்றியது, எந்த மாதிரி சோப்பு, எப்படி நிழலில் உலர்த்துவது என்று அதில் இருக்கும். தோலில் தடிப்பு வந்து மருத்துவரிடம் போனால் அவர் முதலில் கேட்கப்போவது இதைத்தான். எழுதியிருந்தால் பெற்றோர் சீட்டை எடுத்து அப்படியே காட்டிவிடலாம்.