டவுன்டவுன் ஹோட்டலுக்கு நகர மானியம்: விண்ணப்பம் முதல் முதல் காசோலை வரை

அமெரிக்க நகரம் ஒன்றில் "டவுன்டவுன் ஹோட்டலுக்கு சிட்டி 60 லட்சம் டாலர் தருகிறது" என்று செய்தி வரும். அன்றைக்கு அதில் ஒரு டாலர்கூட யார் கைக்கும் போயிருக்காது. ஹோட்டல் எழும்பி, ஆள் வந்து தங்கி, வரி கட்டிய பிறகு, அந்த வரியில் ஒரு பங்கைப் பல ஆண்டுகளாகத் திருப்பித் தருகிறோம் என்று நகரம் கொடுத்த வாக்குதான் அந்த 60 லட்சம். கம்பிக்கும் கான்கிரீட்டுக்கும் பணம் இன்றைக்கே வேண்டும். பிந்தி வரப்போகிற காசை வைத்து முந்தி ஆகவேண்டிய செலவைச் சமாளிப்பதுதான் இந்த வேலை முழுவதும். இந்த விண்ணப்பங்களைத் தயாரித்து, கவுன்சில் வாக்கெடுப்பு வரை கொண்டுபோய், பிறகு ஆண்டுக் கணக்கும் சமர்ப்பிக்கிற எங்களுக்குத் தெரிந்த வரை, முதல்முறை வருகிற டெவலப்பர்கள் தடுக்கி விழுவது கவுன்சிலில் அல்ல, கணக்கில்.

எல்லா நகரமும் முதலில் கேட்பது ஒரே கேள்வி: மானியம் இல்லாவிட்டால் இந்த ஹோட்டல் வராது என்பதற்கு என்ன ஆதாரம்? இதைப் 'பட் ஃபார்' சோதனை என்பார்கள். மிசூரி மாநிலத்தில் டெவலப்பர் இதைப் பிரமாணப் பத்திரமாகவே எழுதிக் கையெழுத்திட வேண்டும். பதில் வாய்வார்த்தையில் இல்லை, துண்டு விழும் தொகையில் இருக்கிறது.

கணக்குக்காக 200 அறை ஹோட்டல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நிலம் உட்பட அறைக்கு 2.3 லட்சம் டாலர், மொத்தம் 4.6 கோடி. சராசரி அறைக் கட்டணம் 180 டாலர், ஆண்டு முழுவதற்கும் 68% அறை நிரம்புகிறது என்றால் அறை வருமானம் சுமார் 89.35 லட்சம். உணவு, பார்க்கிங், சிறு கூட்ட அரங்கு எல்லாம் சேர்த்து 1.03 கோடி. சம்பளம், மின்சாரம், பிராண்ட் கட்டணம், மேலாண்மைக் கட்டணம், காப்பீடு, சொத்து வரி, கட்டில் மெத்தை மாற்றுவதற்கென்று ஒதுக்கும் 4% எல்லாம் போக மூன்றில் ஒரு பங்கு நின்றால் நல்ல ஹோட்டல். 34 லட்சம் என்று வையுங்கள்.

வங்கி அந்த 34 லட்சத்தை அப்படியே பார்க்காது. கடன் தவணையைப்போல் 1.4 மடங்கு வருமானம் இருக்க வேண்டும் என்று கேட்டால், தவணைக்கு மிஞ்சிமிஞ்சிப் போனால் ஆண்டுக்கு 24.3 லட்சம். 7% வட்டி, 25 ஆண்டுத் தவணைக்கு அது 2.86 கோடிக் கடனைத் தாங்கும். மீதி 9.7 லட்சம் பங்குதாரர்களுக்கு. அவர்கள் கைக்கு ஆண்டுக்கு 8% வரவேண்டும் என்றால் 1.21 கோடிக்கு மேல் போடமாட்டார்கள். இரண்டும் சேர்ந்து 4.07 கோடி. செலவு 4.6 கோடி. துண்டு விழுவது 53 லட்சம். நகரத்திடம் கேட்க வேண்டியது இந்தத் தொகையைத்தான். பக்கத்து நகரம் இன்னொருவருக்கு எவ்வளவு கொடுத்தது என்பதை வைத்துக் கேட்கக்கூடாது.

இங்கே நடக்கும் பெரிய தவறு இரண்டு கணக்கு வைத்திருப்பது. வங்கிக்குக் கொடுத்ததில் 74% நிரம்பல், நகரத்துக்குக் கொடுத்ததில் 64%. வங்கிக்குக் கடன் தாங்கும் என்று காட்ட வேண்டும், நகரத்துக்குத் துண்டு விழுகிறது என்று காட்ட வேண்டும் என்பதால் வருகிற சபலம். நகரம் உங்கள் செலவிலேயே வெளி நிபுணர் ஒருவரை அமர்த்தி எண்களைச் சரிபார்க்கும். அவர் கேட்கிற முதல் காகிதமே வங்கியின் நிபந்தனைக் கடிதம். அதிலுள்ள எண்ணும் விண்ணப்பத்திலுள்ள எண்ணும் ஒட்டாத நாளில் பேச்சு முடிந்துவிடும்.

சந்தை ஆய்வு அறிக்கையிலும் கவனம் வேண்டும். எந்தெந்த ஹோட்டல்களைப் போட்டியாளர்களாக எடுத்திருக்கிறது என்று பாருங்கள். புறவழிச்சாலை ஓரத்து மலிவு ஹோட்டல்களைச் சேர்த்தால் சராசரிக் கட்டணம் இறங்கும், டவுன்டவுனின் ஒரே ஆடம்பர ஹோட்டலைச் சேர்த்தால் ஏறும். அடுத்து, புதிதாக வரும் விருந்தினர் எத்தனை, பக்கத்து ஹோட்டலிலிருந்து இழுக்கப்படுபவர் எத்தனை என்ற பிரிப்பு. பக்கத்து ஹோட்டலில் தங்கியிருக்கக்கூடியவர் இங்கே தங்கினால் நகரத்துக்கு வரி கூடவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. இந்தப் பிரிப்பு இல்லாத அறிக்கையைப் பழைய ஹோட்டல்காரர்களின் வழக்கறிஞர் பொது விசாரணையில் கிழித்துப் போட்டுவிடுவார். நியாயமும் அவர் பக்கம்தான்.

இனி பணம் எந்தக் குழாய் வழியாக வருகிறது என்பது. எளிதானது, விருந்தினர் அறைக் கட்டணத்தோடு சேர்த்துக் கட்டும் அறை வரியைத் திருப்பித் தருவது. டெக்சஸில் பெரும்பாலான நகரங்களின் வரி 7%, அதற்கு மேல் மாநிலத்தின் 6%. மாநாட்டு மையத்திலிருந்து 1,000 அடிக்குள் வரும் ஹோட்டலுக்கு, சட்டம் குறிப்பிட்டிருக்கும் நகரங்களில் மட்டும், மாநிலப் பங்கையும் 10 ஆண்டுகள் திருப்ப வழி இருக்கிறது. மற்ற நகரங்கள், தொழில் வளர்ச்சிக்கு நகரம் மானியமோ கடனோ தர அனுமதிக்கும் உள்ளாட்சிச் சட்டத்தின் 380-ஆம் அத்தியாய ஒப்பந்தத்தை வைத்துத்தான் வேலை பார்க்கும்.

நம் 200 அறைக் கணக்குக்கு 7% என்றால் ஆண்டுக்கு 6.25 லட்சம். பத்து ஆண்டுக்கு 62.5 லட்சம். 53 லட்சத் துண்டு அடைந்து போச்சு என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் பத்தாம் ஆண்டு வரும் டாலர் இன்றைய டாலர் அல்ல. ஆண்டுக்கு 8% கழித்துப் பார்த்தால் இன்றைய மதிப்பு 42 லட்சம். இந்த வரவை ஈடு காட்டிக் கடன் வாங்கப் போனால் அங்கேயும் 1.4 மடங்கு கேட்பார்கள், கையில் கிடைப்பது 30 லட்சம். செய்தித்தாளில் 62.5, கட்டுமானக் கணக்கில் 30. முதல் இரண்டு ஆண்டு அறை அவ்வளவு நிரம்பாது என்பதையும் சேர்த்தால் இன்னும் குறையும். டெக்சஸில் தொடர்ந்து 30 நாள் தங்குபவருக்கு அறை வரி கிடையாது என்பதையும் மறந்துவிடுவார்கள். எண்ணெய்க் கம்பெனி ஊழியர்களை மாதக்கணக்கில் தங்கவைக்கும் ஹோட்டலுக்கு அது சின்ன ஓட்டை அல்ல.

பாக்கி 23 லட்சத்துக்கு அடுத்த குழாய் 'டிஃப்'. 1952-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கியது. ஒரு பகுதியின் சொத்து வரி மதிப்பை இன்றைய நிலையில் உறைய வைத்து, அதற்கு மேல் ஏறுகிற வரியை அந்தப் பகுதிக்கே செலவிடும் ஏற்பாடு. அதைத் தொடங்கிய கலிஃபோர்னியாவே 2012-ல் டிஃபை நடத்திவந்த தன் மறுவளர்ச்சி முகமைகளைக் கலைத்துவிட்டது என்பதால் எந்த மாநிலம் என்று முதலில் பாருங்கள். மிசூரியில் ஏறிய சொத்து வரியோடு விற்பனை வரி போன்றவற்றின் ஏற்றத்திலும் 50% எடுக்கலாம், உச்சவரம்பு 23 ஆண்டுகள். அந்த இடம் சீரழிந்த பகுதி போன்ற, சட்டம் சொல்லும் வகைகளில் ஒன்று என்ற தீர்மானமும் வேண்டும்.

டிஃபில் ஹோட்டலுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. ஹோட்டலின் வரி மதிப்பைப் பெரும்பாலும் வருமானத்தை வைத்துப் போடுவார்கள். திறந்த பிறகு உரிமையாளரின் கணக்காளர் பழக்கதோஷத்தில் மதிப்பு அதிகம் என்று மேல்முறையீடு செய்து வரியைக் குறைத்துவிடுவார். குறைந்த வரி என்றால் குறைந்த டிஃப், தன் காலையே தான் வெட்டிக்கொள்வது. அதனால்தான் நகரங்கள், வரி மதிப்பு இவ்வளவுக்குக் கீழே போகாது என்ற குறைந்தபட்ச மதிப்பு ஒப்பந்தம் கேட்கின்றன. கையெழுத்திடும் முன் மோசமான ஆண்டின் வருமானத்தில் அந்த வரியைக் கட்ட முடியுமா என்று போட்டுப் பாருங்கள்.

எங்களைக் கேட்டால் ரொக்கத்தைவிடப் பொருளாகக் கிடைப்பதே மேல். நகரமே பார்க்கிங் கட்டிடத்தைக் கட்டித் தரட்டும், கழிவுநீர்க் குழாயை மாற்றட்டும், நகர நிலமாக இருந்தால் நீண்டகாலக் குத்தகைக்குத் தரட்டும். காரணம் வருமான வரி. 2017 கடைசியில் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு நகரம் கம்பெனிக்குத் தரும் ரொக்க மானியம் மூலதனம் என்று ஒதுங்குவதில்லை, வருமானமாக ஏறுகிறது. 53 லட்சத்துக்கு 21% என்றால் 11 லட்சத்துக்கு மேல் மத்திய அரசுக்குப் போகும். கடனாக வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அது உண்மையிலேயே கடனாக இருக்க வேண்டும்.

பழைய வங்கிக் கட்டிடத்தையோ அலுவலகக் கோபுரத்தையோ ஹோட்டலாக்கினால் மத்திய அரசின் பாரம்பரியக் கட்டிட வரிச் சலுகை உண்டு: தகுதியான செலவில் 20%, ஐந்து ஆண்டுகளில் பிரித்து எடுக்க வேண்டும். விண்ணப்பம் மூன்று பாகம். முதல் பாகம் கட்டிடத்தின் தகுதி, இரண்டாவது செய்யப்போகும் வேலை, மூன்றாவது செய்து முடித்ததற்கான சான்று. மாநிலப் பாரம்பரிய அலுவலகம் பார்த்த பிறகு மத்திய அரசின் நேஷனல் பார்க் சர்வீஸ் முடிவு சொல்லும். இரண்டாம் பாகத்துக்கு அனுமதி வரும் முன் "சும்மா உள்ளே சுத்தம் செய்கிறோம்" என்று இடிக்க ஆரம்பிப்பவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். இடிக்கும் முன் ஒவ்வொரு தளத்தையும், தாழ்வாரத்தின் இரு முனையிலிருந்தும், ஜன்னல் சட்டங்களை உள்ளும் புறமும், படியின் கைப்பிடி வரை படமெடுத்து, எந்தப் படம் எங்கிருந்து எடுத்தது என்று தள வரைபடத்தில் எண் போட்டு அம்புக்குறி வையுங்கள். படம் இல்லாமல் இடித்த சுவர் முக்கியமான சுவர் இல்லை என்று பிறகு நிரூபிக்க வழியே இல்லை. ஏசி குழாயை மறைக்கப் போடும் பொய்க்கூரை ஜன்னலின் மேல்விளிம்புக்குக் கீழே இறங்கி வெளியிலிருந்து தெரிந்தால் ஆட்சேபம் வரும். பழைய வங்கியின் உயர்ந்த கூடத்தை அறைகளாகத் தடுத்தாலும் அப்படியே. கட்டில், மேசை, பார்க்கிங், புதிதாகச் சேர்க்கும் பகுதி எதுவும் அந்த 20%-க்குள் வராது. ஐந்து ஆண்டுக்குள் விற்றால் எடுத்த சலுகையில் ஒரு பங்கைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

கவுன்சில் கட்டத்தில் சொல்ல அதிகம் இல்லை. அதிகாரிகள் அறிக்கை, குழு, பொது அறிவிப்பு, விசாரணை, வாக்கெடுப்பு. அறிவிப்பு வெளியான தேதியில் பிசகினால் மறுபடி முதலிலிருந்து. ஏறுகிற சொத்து வரியில் பள்ளிகளுக்குப் போக வேண்டிய பங்கும் டிஃபுக்குப் போவதால், பள்ளி வாரியத்திடம் நீங்களே முதலில் போய்ப் பேசுங்கள், அவர்கள் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. ஊழியர் சங்கத்தோடும் அப்படியே. எதிர்ப்பவர்கள் பழைய உதாரணங்களோடு வருவார்கள். செயின்ட் லூயிஸில் பொது நிதி உதவியோடு 2003-ல் திறந்த மாநாட்டு ஹோட்டல் 2009-ல் கடன்பத்திரதாரர்கள் கைக்குப் போனது. "இது வேறு" என்று சொன்னால் எடுபடாது. கடன்பத்திரத்தை யார் திருப்பிக் கட்டுகிறார்கள், நகரத்தின் பொது நிதி தொடப்படுமா என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையோடு கொண்டுபோங்கள். ஹோட்டல் சம்பாதிக்காவிட்டால் நகரம் எதுவும் தர வேண்டியதில்லை என்பது அறை வரித் திருப்பத்தின் பெரிய பலம்.

ஒப்பந்தத்தில்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிக்க வேண்டும். 'கட்டுமானத் தொடக்கம்' என்றால் பள்ளம் தோண்டுவதா, அஸ்திவாரத்துக்குக் கான்கிரீட் ஊற்றுவதா? அறை எண்ணிக்கை 200 என்றிருந்து மின்தூக்கியை மாற்றியதில் 197 ஆனால் என்ன? இடம் எது? அனஹைம் நகரம் 2015-ல் உயர்தர ஹோட்டல்களுக்கு அறை வரியில் 70%-ஐ 20 ஆண்டுகள் திருப்பித் தரும் கொள்கையைக் கொண்டுவந்து, 2016 இறுதியில் அதை ரத்து செய்தது. இடையில் ஒப்பந்தம் போட்ட டிஸ்னி பிறகு ஹோட்டலின் இடத்தை மாற்றியது. ஒப்பந்தம் புது இடத்துக்குப் பொருந்தாது என்று 2018-ல் நகரம் சொல்ல, ஹோட்டல் நின்றுபோனது. கவுன்சில் மாறும், கொள்கை மாறும், கையெழுத்திட்ட தாளில் உள்ள முகவரி மட்டும் மாறாது. மனை எண், வரைபடம், 'அறைகள் 5% வரை கூடலாம் குறையலாம்' என்ற வரி, போர், வெள்ளம், தொற்று நோய்க் காலங்களில் கெடு நீளும் என்ற வரி எல்லாம் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை 2020-க்கு முன் யாரும் படித்துக்கூடப் பார்த்ததில்லை. போர்ட்லாந்தின் 600 அறை மாநாட்டு ஹோட்டல் 2019 டிசம்பரில் திறந்து மூன்று மாதத்தில் கொரோனா வந்துவிட்டது.

விற்பனை, பிராண்ட் மாற்றம் இரண்டுக்கும் நகரத்தின் சம்மதம் கேட்டிருப்பார்கள். கடன் கொடுத்த வங்கி ஹோட்டலைக் கைப்பற்றினால் வரித்திருப்பமும் தன் கைக்கு வர வேண்டும் என்று வங்கி கேட்கும், நகரம் மறுக்கும். இந்தச் சண்டையைக் கடன் பத்திரங்களில் கையெழுத்தாகும் வாரத்துக்கு ஒத்திப்போடாமல் இரு வழக்கறிஞர்களையும் ஆரம்பத்திலேயே ஒரே அறையில் உட்கார வையுங்கள்.

ஹோட்டல் மார்ச்சில் திறந்தது என்று வையுங்கள். அறை வரியை மாதாமாதமோ காலாண்டுக்கோ நீங்கள் கட்டுவீர்கள். ஆண்டு முடிந்ததும் கட்டிய ரசீதுகள், ஊழியர் எண்ணிக்கை, சம்பளச் சான்று, காப்பீட்டுச் சான்று எல்லாம் சேர்த்து இணக்க அறிக்கை. விற்பனை வரியும் திருப்பத்தில் இருந்தால் அந்த ரகசியத் தகவலை நகரத்துக்குத் தர மாநில வரித்துறைக்கு நீங்கள் எழுத்தில் சம்மதம் கொடுத்திருக்க வேண்டும், அது இல்லாமல் கோப்பு நகராது. நகரம் சரிபார்த்து, பட்ஜெட்டில் ஒதுக்கி, முதல் காசோலை வர அடுத்த ஆண்டு கோடை ஆகிவிடும். ஆகவே வட்டிக்கென்று ஒதுக்கும் நிதியைக் கட்டிடம் முடியும் மாதத்தோடு நிறுத்தாமல், அதற்கு மேல் 18 மாதத்துக்குச் சேர்த்து முதல்நாள் செலவுப் பட்டியலிலேயே போட்டுவிடுங்கள். அந்தத் தொகையும் சேர்ந்ததுதான் நகரத்திடம் காட்ட வேண்டிய துண்டு.