மூன்று கோப்புகளும் ஒரு வணக்கமும்

2023 ஜூலை 15, சனி இரவு

வீட்டு மேசைக்கணினியில் ஓடும் லினக்ஸை டெபியன் 11-லிருந்து 12-க்கு ஏற்றியாயிற்று. ஏற்றம் சிக்கலில்லாமல் முடிந்தது. கட்டளை தட்டும் சாளரமான டெர்மினலைத் திறந்தால், கட்டளைக்காகக் காத்திருக்கும் ப்ராம்ப்டுக்கு முன்னால் நாலு வரிப் பிழைச்செய்தி. பைத்தான் வேலைகளைத் தனித்தனிச் சூழலில் வைக்க உதவும் வெர்ச்சுவல்என்வ்ராப்பர் தன் தொடக்க வேலையைச் செய்ய முடியவில்லை, பைத்தானுக்கு அதன் தொகுதி கிடைக்கவில்லை என்கிறது.

காரணம் பிடிபட அரை மணி நேரம் ஆனது. பழைய டெபியனில் பைத்தான் 3.9, புதியதில் 3.11. பைத்தான் தொகுதிகளை நிறுவும் பிப் மூலம் என் கணக்கில் மட்டும் நிறுவியவை எல்லாம் 3.9 என்று பெயரிட்ட கோப்புறையில் கிடக்கின்றன. 3.11 அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. ஆனால் பேஷ் (நம் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்) தொடங்கும்போது படிக்கும் .பேஷ்ஆர்சி கோப்பில் நான் எழுதிய வரி இன்னும் அந்தப் பழைய நிரலைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. வரியை நீக்கிவிட்டேன். இனி அந்த வேலைக்குப் பைத்தானோடு வரும் வென்வ் போதும்.

அப்புறம் வேலைக்கு வேண்டிய ஒரு நிரல்மொழிக் கருவியை மீண்டும் நிறுவிவிட்டுப் படுக்கப் போனேன்.

ஜூலை 16, ஞாயிறு

மடிக்கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக, அதாவது வலையமைப்பு மூலம், மேசைக்கணினிக்குள் போனால் வேறு யாருடைய கணினியோ போல இருக்கிறது. ப்ராம்ப்டில் நிறம் இல்லை, கட்டளைகளுக்கு நான் வைத்த சுருக்கப் பெயர்கள் (அலியாஸ்) ஒன்றும் வேலை செய்யவில்லை, நானே எழுதி வைத்த நிரல்களைத் தேடினால் 'கட்டளை இல்லை' என்கிறது. மேசைக்கணினி முன்னால் உட்கார்ந்து டெர்மினலைத் திறந்தால் எல்லாம் சரி.

எந்தக் கோப்பு எப்போது படிக்கப்படுகிறது என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, கோப்பையே பேசவைப்பது. பேஷ் தொடங்கும்போது படிக்கக்கூடிய .ப்ரொஃபைல், .பேஷ்ஆர்சி இரண்டின் முதல் வரியிலும், கொடுத்ததைத் திரையில் காட்டும் ஓர் எக்கோ கட்டளை போட்டேன்: 'வணக்கம், ப்ரொஃபைல்', 'வணக்கம், பேஷ்ஆர்சி'. டெர்மினலில் இரண்டாவது வணக்கம் வந்தது. எஸ்எஸ்எச்சில் இரண்டுமே வரவில்லை.

எஸ்எஸ்எச்சில் நுழையும்போது போல லாகின் ஷெல்லாகத் தொடங்கும் பேஷ், எல்லாப் பயனர்களுக்கும் பொதுவான ஈடிசி ப்ரொஃபைலைப் படித்துவிட்டு நம் வீட்டுக் கோப்புறைக்கு வரும். அங்கே .பேஷ்_ப்ரொஃபைல், .பேஷ்_லாகின், .ப்ரொஃபைல் என்ற வரிசையில் தேடும். முதலில் கிடைப்பதை மட்டும் படிக்கும், மற்ற இரண்டையும் தொடாது. .பேஷ்ஆர்சியை அது தானாகப் படிப்பதும் இல்லை. டெபியன் தரும் .ப்ரொஃபைல்தான் அதை அழைத்துக் கொடுக்கிறது. இது எனக்கு ஏட்டளவில் தெரியும். என் கணினியில் .பேஷ்_ப்ரொஃபைல் என்று ஒன்று இருப்பதுதான் தெரியாது.

கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் போட்டேன். இருந்தது! உள்ளே, நிரல்களை எங்கெங்கே தேடுவது என்று சொல்லும் பாத் மாறியில் ஒரு கோப்புறையைச் சேர்க்கும் ஒற்றை வரி. உருவான நேரம் நேற்றிரவு 11.42. நிரல்மொழிக் கருவியின் நிறுவல் நிரல் வைத்துவிட்டுப் போயிருக்கிறது. இவ்வளவு நேரமும் குற்றத்தை அப்கிரேடின் தலையில் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த வரியை .ப்ரொஃபைலுக்கு மாற்றிவிட்டு .பேஷ்_ப்ரொஃபைலை அழித்தேன். நிறம் திரும்பிவிட்டது.

ஜூலை 18, செவ்வாய்

மடிக்கணினியிலிருந்து மேசைக்கணினிக்கு இரவு நடக்கும் எஸ்எஃப்டிபி (எஸ்எஸ்எச் வழியாகக் கோப்பு அனுப்பும் முறை) காப்புப்பிரதி இரண்டு நாளாக ஓடவில்லை. பதிவைத் திறந்தால், வந்த செய்தி மிக நீளம் என்ற புகாரும் பக்கத்தில் ஓர் எண்ணும்: 3769546208.

கிட்டத்தட்ட 377 கோடி பைட் நீளமுள்ள ஒரு செய்தியை யார் அனுப்பியிருக்க முடியும்? அந்த எண்ணை பதினாறடிமானத்துக்கு மாற்றிப் பார்த்தேன். இ0, ஏஇ, பி5, இ0 என்று நாலு பைட். முதல் மூன்றும் சேர்ந்தால், எழுத்துகளை பைட்டாக்கும் யூடிஎஃப்-8 முறையில் 'வ'. நாலாவது, அடுத்து வரும் 'ண'வின் முதல் பைட். ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட 'வணக்கம்'!

எஸ்எஃப்டிபியில் ஒவ்வொரு செய்தியும் தன் நீளத்தைச் சொல்லும் நாலு பைட்டோடு தொடங்கும். அந்த இடத்தில் என் வணக்கம் வந்து உட்கார்ந்ததும் மடிக்கணினியில் ஓடும் கிளையன்ட் அதை நீளம் என்று படித்திருக்கிறது. அதற்கு உச்சவரம்பு 256 கேபிதான், உடனே கையை விரித்துவிட்டது.

ஆள் இல்லாமல் ஓடும் வேலைக்கு .பேஷ்ஆர்சி ஏன் படிக்கப்பட்டது என்று கேட்கலாம். லாகின் ஷெல்லாக இல்லாமல், ஒரு கட்டளையை ஓட்ட மட்டும் எஸ்எஸ்எச் வழியாகத் தொடங்கப்பட்டிருப்பதைக் கண்டால் டெபியனின் பேஷ் அதைப் படித்துவிடும். அதற்காகத்தான் டெபியனின் .பேஷ்ஆர்சி தலையிலேயே ஒரு காவல் வரி வைத்திருக்கிறது: ஷெல்லின் கொடிகளில் 'ஐ' என்ற எழுத்து, அதாவது இன்டராக்டிவ், இல்லையென்றால் இங்கேயே திரும்பிவிடு. நான் எக்கோவைக் காவலுக்கும் மேலே செருகியிருந்தேன்.

ஜூலை 23, ஞாயிறு

காலை முழுக்கத் துப்புரவு. பேஷை எக்ஸ் கொடியோடு ஓட்டினால் செய்வதையெல்லாம் சொல்லிக்கொண்டே போகும். அப்படிச் சொல்லும் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் வருவதை வைத்திருக்கும் பிஎஸ்4 மாறியில் கோப்புப் பெயரையும் வரி எண்ணையும் சேர்த்துவிட்டால் எந்த வரி எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்துவிடும். இதைச் சனிக்கிழமையே செய்திருக்க வேண்டும்.

214 வரி இருந்த .பேஷ்ஆர்சி இப்போது 61. விட்டுவந்து ஆறு வருடமான அலுவலகத்தின் ப்ராக்ஸி முகவரி அதில் இருந்தது. பாத்தில் ஒரே கோப்புறை மூன்று முறை இருந்தது. ஒரு வரி மட்டும் எதற்கென்றே புரியவில்லை. அதை அழிக்க மனம் வரவில்லை, தேதி போட்டுக் குறிப்பாக்கி வைத்திருக்கிறேன்.

கடைசியாக ஒரு சோதனை. எதுவுமே செய்யாத 'ட்ரூ' கட்டளையை எஸ்எஸ்எச் வழியாக ஓட்டி, எத்தனை பைட் திரும்பி வருகிறது என்று எண்ணச் சொன்னேன். 0.

வணக்கத்தை அழிக்கவில்லை. காவல் வரிக்குக் கீழே இறக்கி வைத்திருக்கிறேன்.