வாழைத்தாரோடு மலையேறிய நாள்

துக்கம் நிகழ்ந்த ஓராண்டுக்கு மலைக்கோயிலின் படி மிதிப்பதில்லை என்பது எங்கள் குடும்ப வழக்கம். அதனால் 2024-இல் அப்பாவின் தாயாரான அப்பாயி தமது 94-ஆவது வயதில் காலமான பிறகு, திருச்சி மலைக்கோட்டையைத் தெப்பக்குளத்தின் ஓரத்தில் நின்று கும்பிட்டுவிட்டே திரும்பிக்கொண்டிருந்தோம். தலைத்திவசம் முடிந்த மறுவாரம், பெரியப்பா, சித்தப்பா, அத்தைமார், பேரன் பேத்திகள், அவர்கள் பெற்ற பிள்ளைகள் என 22 பேர், ஒரு முழு வாழைத்தாருடன் தாயுமானவர் சந்நிதிக்குப் புறப்பட்டோம்.

சுகப்பிரசவத்துக்கு வேண்டிக்கொண்டவர்கள், பிள்ளை பிறந்த பின் தாயுமானவருக்கு வாழைத்தார் செலுத்துவது வழக்கம். எங்கள் வீட்டில் இப்போது பிள்ளைத்தாய்ச்சி யாரும் இல்லை. ஆனாலும் அப்பாயி வாழ்ந்த வாழ்வுக்கு நன்றி சொல்ல, அதைவிடப் பொருத்தமான காணிக்கை எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

அடிவாரத்தில் மாணிக்க விநாயகரை வணங்கிப் படியேறத் தொடங்கினோம். அப்பாயி முதல் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகே காலெடுத்து வைப்பார். என் மகள் தானாகவே குனிந்து அப்படிச் செய்தபோது, பின்னால் வந்த அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். உச்சிப் பிள்ளையார் சந்நிதி வரை 400-க்கும் மேற்பட்ட படிகள். அவற்றை 80 வயது வரை ஏறியவர் அப்பாயி. மேலே நின்று காவிரியையும் அக்கரையில் தெரியும் திருவரங்கக் கோபுரங்களையும் காட்டித்தான் எங்களுக்குத் தலபுராணத்தைச் சொல்வார்.

இரத்தினாவதி என்ற செட்டிப்பெண்ணுக்குப் பேறுகாலம் நெருங்குகிறது. துணைக்கு வரவேண்டிய தாய், காவிரியில் வெள்ளம் கரைபுரண்டதால் அக்கரையிலேயே தங்கிவிடுகிறார். தனித்துத் தவித்த அந்தப் பெண், பின்னர் தாயுமானவர் எனப் பெயர்பெற்ற இம்மலைச் சிவனான செவ்வந்திநாதரை நினைத்து அழ, இறைவனே அவளுடைய தாயின் உருவில் வந்து பேறு பார்க்கிறார். வெள்ளம் வடிந்து உண்மையான தாய் வாசலில் வந்து நின்றபோது, உள்ளே இருந்த தாய் மறைந்துபோகிறார். சித்திரைத் திருவிழாவில் செட்டிப்பெண் மருத்துவம் என்று இந்த நிகழ்ச்சியை இன்றும் நடத்திக் காட்டுகிறார்கள். இறைவன் செய்த அற்புதங்கள் எத்தனையோ உண்டு. ஆனால் ஒரு பெண்ணின் பிரசவ வலிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார் என்பதைவிட என் மனத்தை நெகிழ்விப்பது வேறொன்றும் இல்லை.

1977 நவம்பரில் புயல் மழையால் திருச்சி நகருக்குள் வெள்ளம் புகுந்தபோது, எங்கள் வீட்டில் குடியிருந்த ஓர் இளம்பெண்ணுக்கு இடுப்புவலி கண்டதாம். பாதைகள் அறுபட்டுப் போயிருந்ததால் அவளுடைய தாயால் ஊரிலிருந்து வர முடியவில்லை. அப்போது அப்பாயிக்கு 47 வயது. ஆறு பிள்ளைகளைப் பெற்றவர். இரவு முழுவதும் அரிக்கேன் விளக்கின் ஒளியில் அந்தப் பெண்ணைத் தம் மடியில் சாய்த்துக்கொண்டிருந்ததை அத்தைமார் இன்னமும் சொல்வார்கள். அப்பாயி ஒருநாளும் தாமாக இதைப் பேசியதில்லை. பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

என்னுடைய பிரசவத்தை நான் பிறர் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை. எனக்கு 19 வயதானபோது அம்மா போய்விட்டார். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்ல வேண்டும் என்ற பேச்சு வந்தபோது, எங்கே செல்வது என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாள் காலை அப்பாயி ஒரு துணிப்பையுடன் வந்து, என்னை அழைத்துப் போகிறேன் என்று மட்டும் சொன்னார். அது 2003, அவருக்கு 73 வயது. மருத்துவமனையில் வலி உச்சத்தில் இருந்தபோது, என் உள்ளங்கையைத் தம் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துக்கொண்டே, "பயப்படாதே தாயி, நான் இங்கேதான் இருக்கேன்" என்றார். பல ஆண்டுகள் அம்மியில் அரைத்துக் காய்த்துப்போன அந்த விரலின் சொரசொரப்பை என் கை இன்னும் மறக்கவில்லை.

தாயுமானவர் மேற்கு நோக்கி எழுந்தருளியிருக்கிறார். சாரமா முனிவரின் நந்தவனத்து மலர்கள் களவு போய் அரசனைச் சேர்ந்ததால், சினந்து அவனுடைய தலைநகரான உறையூர்ப் பக்கம் திரும்பினார் என்பது புராணம். கொடிமரம் இன்றும் சந்நிதிக்குப் பின்புறமே இருக்கிறது. வாழைத்தாரை இறக்கிவைத்ததும், "நன்றுடையானைத் தீயதிலானை" என்று தொடங்கும் சம்பந்தரின் பதிகத்தைப் பெரியப்பா பாட ஆரம்பித்தார். "கூறஎன் உள்ளம் குளிரும்மே" என்ற இடத்தில் அவருடைய குரல் தழுதழுத்து நின்றது. அத்தைமார் இருவரும் தொடர்ந்து பாடி முடித்தார்கள்.

அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் சொல்லுமாறு குருக்கள் கேட்டார். அப்பாயி இருந்தவரை அது அவருடைய வேலை. எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரர்கள் என அத்தனை பேரின் நட்சத்திரத்தையும் மூத்தவரிலிருந்து வரிசை பிசகாமல் ஒப்பிப்பார். இன்று ஒவ்வொருவரும் அவரவர் பெயரைச் சொன்னோம். சிறு பிள்ளைகளுடையதைச் சொல்ல இரண்டு மூன்று முறை தடுமாறினோம்.

அப்போது என் மகள், அப்பாயியின் நட்சத்திரம் என்ன என்று மெதுவாகக் கேட்டாள். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மூத்த பிள்ளையான பெரியப்பாவுக்கும் தெரியவில்லை. இத்தனை ஆண்டுகளில் அப்பாயி ஒருமுறைகூடத் தம் பெயருக்கு அர்ச்சனை செய்துகொண்டதில்லை. எல்லோருடைய பெயரையும் சொல்லி முடித்துவிட்டு, கடைசியில் சுவாமி பெயருக்கு என்று கைகூப்பிவிடுவார்.

குருக்கள் காத்திருந்தார். பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "சுவாமி பெயருக்கே ஒன்று செய்துவிடுங்கள்" என்றார்.