காலை மாத்திரை போட்டாச்சா?

நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து எனக்கு அது மூன்றாவது வருடம். தினமும் காலையில் பல் தேய்த்த கையோடு ஸ்பைரோமீட்டரில் ஊதி, எஃப்இவி1 எண்ணை நோட்டில் எழுதுவேன். முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்றை ஊதித் தள்ளுகிறோம் என்ற கணக்கு அது. அறுவைக்குப் பிறகு வந்த இரண்டு சிறந்த அளவுகளின் சராசரி 2.80 லிட்டர். அதில் 20 சதவீதம் குறைந்தால் நாள்பட்ட நிராகரிப்பு, அதாவது மாற்றி வைத்த நுரையீரலை உடல் மெல்ல மெல்ல ஏற்க மறுப்பது, என்ற பேச்சு வந்துவிடும். அதனால் நோட்டின் உள் அட்டையில் சிவப்பு மையில் 2.24 என்று எழுதி வைத்திருந்தேன்.

2.61 வந்தபோது சளி பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். 2.48 வந்தபோது சரியாக ஊதவில்லை என்று மறுபடி ஊதினேன். 2.46. இப்படி என்னை நானே ஏமாற்றியதில் மூன்று வாரம் போனது. 10 சதவீதம் குறைந்தாலே போன் செய்யுங்கள் என்று சொல்லியிருந்தார்கள், செய்யவில்லை. போனபோது 2.22.

மருத்துவமனையில் முதலில் மற்ற காரணங்களைத்தான் தேடினார்கள். சிடி எடுத்தார்கள், தொற்று இருக்கிறதா என்று பார்த்தார்கள், மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பார்க்கும் ப்ராங்கோஸ்கோபி செய்தார்கள். கிருமி எதுவும் வளரவில்லை. நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் நியூட்ரோபில்கள் என்ற வெள்ளை அணுக்கள் மட்டும் அதிகம். பயாப்ஸி சுத்தம் என்றதும் எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் நாள்பட்ட நிராகரிப்பில் சிறிய மூச்சுக்குழாய்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தழும்பு விழும். கிள்ளி எடுத்த துணுக்கில் அது சிக்காமலே போகலாம் என்றார் டாக்டர்.

அப்புறம் ரத்தத்தில் டிஎஸ்ஏ பார்த்தார்கள். நுரையீரல் கொடுத்தவரின் செல்கள் மேல் இருக்கும் எச்எல்ஏ அடையாளங்களை அந்நியம் என்று கண்டு என் உடல் உருவாக்கும் ஆன்டிபாடி அது. அறுவையின்போது எனக்கு இல்லாதது. இப்போது அவற்றில் ஒன்றான டிக்யூ அடையாளத்துக்கு எதிராக, எம்எஃப்ஐ (ஆன்டிபாடி எவ்வளவு என்று காட்டும் எண்) 6,400 என்று வந்திருந்தது. அந்த எண்ணைப் பார்த்து இரண்டு நாள் தூங்கவில்லை. ஆய்வகத்துக்கு ஆய்வகம் அது மாறும், ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் முக்கியம் என்று எனக்குப் புரியவே நாளாயிற்று.

மறுவாரம், நிராகரிப்பைத் தடுக்க நான் போடும் டாக்ரோலிமஸ் மருந்து ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ரத்தம் கொடுக்கக் கையை நீட்டினேன். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே நர்ஸ் கேட்டார்: "சார், காலை மாத்திரை போட்டுட்டா வந்தீங்க?"

"எட்டு மணிக்கே போட்டாச்சு சிஸ்டர்."

அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

மாத்திரை போடுவதற்கு முன்னால்தான் அந்த ரத்தத்தை எடுக்க வேண்டும். ஒரு வேளைகூடத் தவறக் கூடாது என்ற பயத்தில், பரிசோதனை நேரம் பத்து மணிக்கு மாறியதிலிருந்து நான் போட்டுவிட்டே போயிருக்கிறேன். அளவு அதிகமாகத் தெரிந்ததால் இரண்டு தடவை மருந்தைக் குறைத்திருந்தார்கள். மறுநாள் சரியாக எடுத்துப் பார்த்தால், இருக்க வேண்டியதைவிட ரொம்பக் குறைவு. ஆன்டிபாடி வந்தது இதனால்தானா என்று டாக்டரிடம் கேட்டேன். மருந்து குறைந்தால் வாய்ப்பு கூடும், உங்களுக்கு இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார். அதில் எனக்கு ஆறுதல் ஒன்றும் இல்லை.

டாக்ரோலிமஸைக் கூட்டினார்கள். இம்யூனோகுளோபுலின் டிரிப் ஏற்றினார்கள். ஏறும் நாளெல்லாம் தலைவலி. ஈசிஜி பார்த்துவிட்டு அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக், வாரத்தில் மூன்று நாள். கிருமியைக் கொல்ல இல்லை, அழற்சியைத் தணிக்க. சிலருக்கு அதிலேயே மூச்சளவு ஏறிவிடுமாம்.

பிறகு காத்திருப்புதான். ஆரம்பத்தில் கோப்பில் நாள்பட்ட நிராகரிப்பு 'இருக்கலாம்' என்று இருந்தது. மூன்று வாரம் தாண்டியதும் 'அநேகமாக' என்று ஆனது. மூன்று மாதம் எண் ஏறாததால் 'உறுதி' என்று எழுதினார்கள்.

ஆன்டிபாடி இப்போது 2,100-க்கு இறங்கியிருக்கிறது. போன மூச்சு மட்டும் திரும்பவில்லை. இன்று காலை 2.18. ஐந்து மாதமாக அந்தப் பக்கத்திலேயே நிற்கிறது.