வட்டையில் பகை, வீட்டில் பிள்ளை

கால்நடை வைத்தியர் என்றால் மாடும் ஆடும்தான் என்று நினைத்துத்தான் நானும் இந்த வேலைக்கு வந்தேன். பேராதனையில் படித்த காலத்தில் பறவை என்று மனதில் ஒட்டியது கோழி மட்டும்தான், அதுவும் கோழிக் கழிச்சலும் தடுப்பூசி அட்டவணையும். மட்டக்களப்பில் வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் வேலைக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் இந்த ஊரில் எத்தனை வீட்டு விறாந்தையில் கிளிக்கூடு தொங்குகிறது என்று தெரிந்தது. காலையில் யாருடைய பட்டிக்கோ போய் மடி வீங்கிய மாட்டைப் பார்த்துவிட்டு, காலெல்லாம் சேறும் சாணமுமாகத் திரும்பி வந்தால், வாங்கில் ஒருவர் பழைய சாரனால் மூடிய கூட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மாடு கொண்டுவருகிறவருக்கு இல்லாத பதற்றம் அவருக்கு இருக்கும். மாடு செத்தால் நட்டம், கிளி செத்தால் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை, அப்படியான வீடுகளை எனக்குத் தெரியும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கூட்டைக் கொண்டுவருகிற அதே மனிதர், வெள்ளாமைக்காரர் என்றால், கதிர் பால்பிடிக்கும் நாட்களில் கிளிக்கூட்டத்தைத் திட்டாத திட்டு இல்லை. வட்டை, அதாவது வயல்வெளி முழுக்கப் பழைய கசற் நாடாவை இழுத்துக் கட்டி, காவல் வாடியில் இருந்து தகரம் தட்டி, வெடி கொளுத்தி விரட்டுவார். கிளி தின்பதைவிடக் கொத்திக் கொட்டுவதுதான் அதிகம் என்பது உண்மைதான், சோளம் போட்டவர்களைக் கேட்டால் அழுவார்கள். அந்தக் கையோடு வீட்டுக்கு வந்து, அதே இனத்துக் கிளிக்குக் கொச்சிக்காய்ப் பழம் பிய்த்துக் கொடுத்து "என்ட மனே" என்று கொஞ்சுவார். இரண்டும் பொய் இல்லை. கூட்டமாக வந்தால் பகை, தனியாகக் கிடைத்தால் பிள்ளை. ஆனால் கிளி என்பது தனியாக இருக்கிற சாதியே இல்லை. பின்னேரத்தில் வாவிக்கரை மரங்களுக்கு அடைய வரும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. நாம் பிள்ளையாக்குவது கூட்டத்திலிருந்து பிரித்தெடுத்த ஒன்றைத்தான். என் கேள்வியெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

சரி, முதலில் சிரிப்பான விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு பலசரக்குக் கடைக்காரர் கொண்டுவந்த கிளி, நான் துவாயால் பொத்திப் பிடிக்கப் போனதும் கரகரத்த குரலில் "கடன் இல்ல, நாளைக்கு வா" என்றது. கடைக்காரர் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டார். இன்னொருவர் ஐந்தாறு வருடம் வளர்த்தும் கழுத்தில் ஆரம் விழவில்லை, ஏதும் குறைபாடோ என்று கேட்டு வந்தார். நம் ஊர்ப் பச்சைக்கிளியில் ஆணுக்குத்தான் அந்தக் கறுப்பும் ரோசாவும் கலந்த ஆரம் வரும், அதுவும் மூன்று வயது அளவில். "இது பொம்பிளைப் பிள்ளை ஐயா" என்றேன். அந்தக் கிளிக்குப் பெயர் ராசா. பெயர் இன்றுவரை மாறவில்லை.

சிரிப்பு குறைந்த பக்கத்துக்கு வருகிறேன். ஆரையம்பதியிலிருந்து ஒரு வயதான தகப்பன் கொண்டுவந்த கிளி நெஞ்சு முழுக்க மொட்டையாக இருந்தது. செட்டைக்குக் கீழேயும் தொடையிலும் ஒரு இறகு இல்லை, உரித்த கோழிபோலத் தோல் சிவந்து, இடைக்கிடை இரத்தப்பொட்டு. "தோல் வருத்தம் மகள், தேங்காயெண்ணெயும் மஞ்சளும் பூசிப் பார்த்திட்டம்" என்றார். நான் தலையைப் பார்த்தேன். தலையிலும் கழுத்திலும் இறகு பளபளவென்று ஒழுங்காக இருந்தது. அங்கேதான் விஷயம். நோயால் இறகு கொட்டினால் தலையும் சேர்ந்து கொட்டலாம். தலை மட்டும் தப்பியிருக்கிறது என்றால், சொண்டு எட்டாத இடம் மட்டும் தப்பியிருக்கிறது. கிளி தானே பிடுங்குகிறது. பேன், ஈரல் வருத்தம், சத்துக் குறைவு என்று மற்றக் காரணங்களையும் பார்க்கத்தான் வேண்டும், பார்த்தோம். பிறகு கேட்டேன், வீட்டில் யாரோடு இது ஒட்டு? மகனோடு. மகன் எங்கே? கட்டாருக்குப் போய்விட்டார். கூடு முன்பு மகனுடைய அறை யன்னலில் இருந்தது, சத்தம் போடுகிறது என்று பின் குசினிப் பக்கம் மாற்றிவிட்டார்கள். சாப்பாடு வேளைக்குப் போகிறது, தண்ணீர் மாற்றுகிறார்கள், ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் நாள் முழுக்கப் பார்க்க ஒரு சுவரும் எரிவாயுச் சிலிண்டரும்தான். இதற்கு என்னிடம் பூச்சு மருந்து இல்லை. கூட்டை ஆட்கள் இருக்கிற இடத்துக்கு மாற்றுங்கள், கடிக்கக் கிழிக்க ஏதாவது போடுங்கள், பனைமட்டை, கொய்யாக் கொப்பு, பழைய கடதாசி மட்டை, தினம் அதோடு கதையுங்கள் என்று சொன்னேன். அவர் கேட்டது: "அப்ப மருந்து ஒண்டும் இல்லையா?" மகனோடு வட்ஸ்அப்பில் கதைக்கும்போது கூட்டுக்குப் பக்கத்தில் இருந்து கதைக்கத் தொடங்கினார்களாம். இறகு கொஞ்சம் வந்தது, முழுதாக வரவில்லை. நெடுநாள் பிடுங்கினால் இறகு முளைக்கும் குழியே கெட்டுவிடும்.

சாப்பாட்டுக் கதை தனி. சோறும் கதலியும் மட்டும் தின்று வளர்ந்த கிளிகள், சூரியகாந்தி விதை மட்டும் தின்று கொழுத்து ஈரல் கெட்ட கிளிகள், விட்டமின் ஏ குறைந்து மூக்கடைத்து வாயில் வெள்ளை படிந்த கிளிகள், இவைதான் எனக்கு அதிகம் வருகின்றன. முருங்கை இலையும் பப்பாசியும் கரட்டும் நம் வளவிலேயே இருக்க, கடையில் பக்கற் வாங்குகிறோம். பட்டர்புருட் (அவகாடோ) ஆகாது, சொக்லேட் ஆகாது. வாயில் மென்று ஊட்டுவது அன்புதான், ஆனால் நம் எச்சிலில் இருக்கும் கிருமி அதற்கு விஷம். நுளம்புத்திரிப் புகையும் ஆகாது. ஒட்டாத சட்டி அளவுக்கு மிஞ்சிச் சூடேறினால் வரும் வாயு ஒரு குசினியில் இருக்கும் கிளியைச் சில நிமிடத்தில் கொன்றுவிடும், மனிதருக்கு மணமே தெரியாது. இன்னொன்று, இது ஆட்களுக்கானது: கிளி இருக்கும் வீட்டில் யாருக்காவது விடாத காய்ச்சலும் வறட்டு இருமலும் என்றால், வைத்தியரிடம் கிளி இருப்பதைச் சொல்ல வேண்டும். கிளியிலிருந்து தொற்றும் ஒரு பக்டீரியாக் காய்ச்சல் உண்டு, தெரிந்தால் மருந்து இருக்கிறது, தெரியாவிட்டால் நியூமோனியா வரை போகும்.

இவையெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகு நடப்பவை. எனக்குக் கோபம் வருவது அதற்கு முந்திய கட்டத்தில். மாரிப்போகம் முடியும் காலத்தில், சில வருடங்களில் அதற்கு முன்னரே, சீமெந்துப் பையிலோ பிஸ்கட் பெட்டியிலோ வைத்துக் குஞ்சுகள் வரும். கண் திறந்தும் திறக்காததுமாக, சொண்டு மட்டும் பெரிதாக, உடம்பில் ஊசி ஊசியாக இறகுக் குருத்து. கொண்டுவருவது பெரும்பாலும் பள்ளிக்கூடப் பையன்கள். ஒருத்தன் கொண்டுவந்த பெட்டியில் நான்கு கிடந்தன, ஒன்று ஏற்கெனவே விறைத்திருந்தது, ஒன்றின் இரண்டு காலும் தவளைபோல அகலப் பரந்து கிடந்தன. அரிசிக் கஞ்சி மட்டும் ஊட்டியிருக்கிறான், கல்சியம் இல்லாமல் எலும்பு வளைந்துவிட்டது. "மிஸ், இது ரெண்டும் ஒரு கிழமை தாக்குப்பிடிச்சாக் காணும்" என்றான். ஏன் ஒரு கிழமை என்று கேட்கவில்லை. எனக்குத் தெரியும், வாங்க ஆள் இருக்கிறது.

கிளி தானாக மரத்தைக் குடைவது குறைவு. மரங்கொத்தியோ குக்குறுவானோ குடைந்து விட்ட பொந்தையோ, உக்கிய பனையையோ தென்னையையோதான் அது நம்பியிருக்கிறது. 1978 நவம்பரில் அடித்த சூறாவளியில் தலை முறிந்து மொட்டையாக நின்ற தென்னைகளில் பிறகு கிளி குடியிருந்ததை அப்பா சொல்வார். இப்போது அப்படி மொட்டை மரத்தை யார் விட்டுவைக்கிறார்கள்? இருக்கிற பொந்துகளுக்கே போட்டி. குஞ்சு எடுக்கிறவன் கையை விட்டு எடுப்பதில்லை, கை எட்டாது, கோடரியால் வாயை வெட்டிப் பெருப்பிப்பான், அல்லது மரத்தையே சாய்ப்பான். அந்த வருடத்துக் குஞ்சு மட்டுமா போகிறது, அடுத்தடுத்த வருடங்களில் அந்தப் பொந்தில் பிறக்க வேண்டியவையும் சேர்ந்து போகின்றன. சந்தையில் கூட்டோடு விற்கிற ஒரு கிளியைப் பார்த்து "பாவம், நாமாவது நல்லா வளர்ப்பம்" என்று காசு கொடுக்கிறவர் இந்தக் கோடரிக்குக் கூலி கொடுக்கிறார். கிளியை வளர்த்துப் பூனையிடம் கொடுத்தது என்பார்கள், இங்கே பூனை முதலிலேயே வந்துவிடுகிறது.

அந்தக் குஞ்சுகளுக்கு நான் மருந்து கொடுப்பதா இல்லையா? கொடுத்தால் வியாபாரத்துக்கு உதவுகிறேன், கொடுக்காவிட்டால் மேசையில் கிடக்கிற உயிர் போகிறது. இலங்கையில் வனவிலங்குகளையும் தாவரங்களையும் பாதுகாக்கும் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் இருக்கின்றன. எல்லாக் கிளிக்கும் ஒரே நிலை இல்லை. ஆனால் தோளில் சிவப்புத் திட்டுள்ள பெரிய கிளியும், இந்த நாட்டுக்கே உரிய இரண்டு கிளி இனங்களும் பாதுகாக்கப்பட்டவை, அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பச்சைக்கிளி உட்பட அந்நாட்டுக் கிளி எதையும் கூட்டில் வைக்க முடியாது, ஆனாலும் வைத்திருக்கிறார்கள். அதிகாரிகளுக்குத் தகவல் சொல்லலாம், பெரிய கிளிக் குஞ்சு வந்தபோது சொல்லியும் இருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு பையனையும் காட்டிக்கொடுத்தால் அடுத்த பெட்டி என்னிடம் வராது, அவ்வளவுதான், குஞ்சு எடுப்பது நிற்காது. அதனால் நான் கண்ட வழி அரைகுறையானது: வந்ததற்கு மருந்து, அடுத்ததற்கு உதவி இல்லை. எங்கே குஞ்சு கிடைக்கும், எது நன்றாகக் கதைக்கும், என்ன விலை என்று கேட்டால் வாயே திறப்பதில்லை. செத்த கிளியைக் கொண்டுவந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே "இன்னொண்டு எங்க எடுக்கலாம் டொக்டர்" என்று கேட்பவர்களிடம்தான் இது கடினம்.

நியாயம் கேட்டால் சாமியையும் இழுப்பார்கள். மீனாட்சி கையில் இல்லையா, ஆண்டாள் கையில் இல்லையா? ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கையில் இருப்பது நாள்தோறும் இலையால் புதிதாகக் கட்டும் கிளி. அதுபோல ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், நானும் வந்து கும்பிடுகிறேன் என்பேன். சிரித்துவிட்டுப் போவார்கள்.

மறுபக்கம் உள்ளவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. "எல்லாக் கூட்டையும் திறந்து விடுங்கள்" என்று எழுதுகிறார்களே, அவர்கள் பத்து வருடக் கூட்டுக்கிளியை வெளியே விட்டுப் பார்க்க வேண்டும். அதற்குப் பருந்து தெரியாது, வல்லூறு தெரியாது, எந்தக் காயில் சாறு இருக்கிறது என்று தெரியாது, பறக்கும் தசை வற்றிப்போயிருக்கும். பிறந்தநாளுக்குப் புண்ணியம் என்று ஒருவர் விட்ட கிளியைக் காகங்கள் விரட்டி, பக்கத்து வீட்டுக்காரர் வாளியால் கவிழ்த்து மூடி என்னிடம் கொண்டுவந்தார். வளர்த்த இடத்தில் பெரிய கூடும் துணையும் கொடுப்பதுதான் அந்தக் கிளிக்கு இப்போது நியாயம். அடுத்த கிளிக்கு நியாயம் வேறு.

கொக்கடீல், பட்ஜி, லவ்பேர்ட் போன்ற வெளிநாட்டுச் சின்னக் கிளிகள் தலைமுறை தலைமுறையாகக் கூட்டிலேயே பெருகியவை, அவற்றுக்காக யாரும் பனை வெட்டுவதில்லை, காலில் குஞ்சாக இருக்கும்போதே மாட்டிய மூடிய வளையம் இருந்தால் கூட்டில் பிறந்தது என்று நம்பலாம். ஆசை அடங்காதவர்கள் அந்தப் பக்கம் போகட்டும் என்பது என் கட்சி, முழு மனதோடு அல்ல. சாம்பல் நிற ஆபிரிக்கக் கிளி வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, காட்டிலிருந்து அள்ளி அள்ளி அது அருகிப்போய், காட்டில் பிடித்தவற்றின் சர்வதேச வணிகத்துக்கே தடை என்று 2016இல் முடிவான கதையைச் சொல்கிறேன். அலெக்ஸ் என்று அந்த இனத்துக் கிளி ஒன்று 30 வருடம் ஒரு ஆய்வாளரிடம் இருந்து நிறம், வடிவம், எண்ணிக்கை எல்லாம் சொல்லி 2007இல் செத்தது. அந்த அளவு மூளை உள்ள ஒன்றைக் குசினிச் சுவரைப் பார்க்க வைக்கலாமா என்று கேட்டால், "எங்கட கிளி அவ்வளவு படிக்கல்ல டொக்டர்" என்று பதில் வரும்.

வயது கணக்கை யாரும் போடுவதில்லை. பச்சைக்கிளி கூட்டில் 20, 25 வருடம் இருக்கும், பெரிய கிளி அதற்கும் மேலே. எழுபது வயதில் ஆசைப்பட்டு வாங்கினால் கிளி யாருக்கு மிச்சம்? பிள்ளைகள் கனடாவில். இப்படி ஆளில்லாமல் போன பறவைகள் எனக்குத் தெரிய வரும்போது, வளர்க்க ஆசை என்று கேட்டவர்களின் இலக்கத்தை ஒரு கொப்பியில் குறித்து வைத்து இணைத்துவிடுகிறேன், புதிதாக வாங்குவதை அந்த அளவுக்காவது தள்ளிப்போடலாம். அண்மையில் ஒரு கொக்கடீல் இப்படி ஏறாவூரில் ஒரு உம்மாவிடமிருந்து சித்தாண்டிக்கு ஒரு மாஸ்டர் வீட்டுக்குப் போனது. போன முதல் கிழமையே அவர் விரலைக் கடித்துவிட்டது. மனிதர் எனக்குப் போன் எடுத்து, நீங்கள் கொடுத்த கிளிக்கு மரியாதை தெரியாது என்று அரை மணித்தியாலம் திட்டினார். திருப்பித் தருகிறீர்களா என்று கேட்டேன். அதெல்லாம் இல்லை, கூட்டை எவ்வளவு பெரிதாக அடிக்க வேண்டும் என்று அளவு சொல்லுங்கள் என்றார்.