ஐ.டி.ஐ. செய்முறைத் தேர்வில் வாட்டர் பம்ப் வேலை வந்தால்

கம்மியர் மோட்டார் வாகனம், இரண்டு வருடப் படிப்பு. தியரியில் எனக்குப் பெரிய கஷ்டம் இருந்ததில்லை, செய்முறையில்தான் ஒருமுறை கோட்டை விட்டேன், அதுவும் யாரிடம் சொன்னாலும் "இதுலயா?" என்று கேட்கிற தண்ணீர் ஒழுகலில். அடுத்த முறை அதே மாதிரி வேலை வந்து தேறினேன். இந்த வருடம் எழுதப் போகிற தம்பி தங்கைகள் ஏழெட்டுப் பேர் திரும்பத் திரும்பக் கேட்டதால் இரண்டையும் சேர்த்து எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஐ.டி.ஐ.யில் ஓடுகிற நிலையில் இருந்ததே மூன்று வண்டிதான். அதில் ஒன்று பழைய பெட்ரோல் அம்பாசடர், 1489 சி.சி. எஞ்சின், ஒரு காலத்தில் ஏதோ அரசு அதிகாரிக்கு ஓடியது. 2014-இல் அம்பாசடர் தயாரிப்பே நின்றுவிட்டது, இதில் ஏன் தேர்வு வைக்கிறார்கள் என்று சலித்துக்கொள்ளாதீர்கள். பானெட்டைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற வண்டி அது. எஞ்சினைக் குளிர்விக்கிற தண்ணீரைச் சுழற்றும் வாட்டர் பம்ப், அதன் மேலேயே ஃபேன், இரண்டையும் டைனமோவையும் (பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது) சுற்றி ஒரே பெல்ட். கற்றுக்கொள்ள இதைவிடத் தோதான எஞ்சின் கிடைக்காது.

முதல் முறை எனக்குக் கொடுத்த தாளில் இருந்தது இவ்வளவுதான்: எஞ்சின் சூடேறுகிறது, தண்ணீர் குறைகிறது, காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய். பானெட்டைத் திறந்தேன். சூடான தண்ணீரை ஆறவைக்கிற ரேடியேட்டரின் பின்பக்கம் முழுக்க ஈரம். சந்தேகமே இல்லாமல் ரேடியேட்டர்தான் என்று முடிவு கட்டி, தண்ணீரை இறக்கி, ஹோஸ்களைப் பிடுங்கி, ரேடியேட்டரைக் கழற்றித் தொட்டியில் முக்கிக் காற்றடித்துப் பார்த்தால் ஒரு குமிழி இல்லை. அதற்குள் பாதி நேரம் போய்விட்டது. தேர்வாளர் பக்கத்தில் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ரேடியேட்டர்னு எப்படிப்பா முடிவு பண்ணினே?" ஈரமா இருந்துச்சு சார் என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பானெட்டின் உள்பக்கத்தைக் காட்டினார். அங்கே வளைவாக ஒரு கோடு, துருத் தண்ணீர் தெளித்த கோடு.

அந்தக் கோடுதான் விடை. பம்பின் மூக்கிலிருந்து, அதாவது ஃபேன் மாட்டியிருக்கிற முன்பக்கத்திலிருந்து, சொட்டுகிற தண்ணீரை ஃபேன் வாரி அடிக்கும். முன்னால் ரேடியேட்டர், மேலே பானெட், பக்கத்தில் பேட்டரி என்று எல்லா இடமும் நனையும், ஒழுகுகிற இடம் மட்டும் காற்றில் காய்ந்து சுத்தமாக இருக்கும். பம்பிலேயே ஃபேன் மாட்டிய பழைய வண்டிகளில் ஈரம் எங்கே இருக்கிறது என்பதை நம்பவே கூடாது, எங்கிருந்து கிளம்பியது என்று பார்க்க வேண்டும். இதைப் படித்திருந்தேன், பரீட்சைப் பதற்றத்தில் மறந்துவிட்டது.

தேறாமல் போன பிறகு ஊரில் ஒரு பழைய மெக்கானிக்கிடம் சில மாதம் கூடமாட வேலை பார்த்தேன். அவரிடம் பிரஷர் டெஸ்டரும் (காற்றழுத்தம் கொடுத்துக் கசிவு பார்க்கிற கருவி) கிடையாது, மேனுவலும் கிடையாது. ஆனால் ஒழுகுகிற வண்டி வந்தால் முதலில் ஸ்பானரைத் தொடவே மாட்டார். முன்பக்கத்தை நன்றாகக் கழுவி, துணியால் துடைத்து, காய்ந்ததும் எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றி, நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். எனக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரிந்தது. பிறகுதான் புரிந்தது, எஞ்சினை நிறுத்தியதும் தண்ணீர் சுழற்சி நின்றுவிடும், சூடான எஞ்சினுக்குள் தேங்கிய தண்ணீரில் சூடும் அழுத்தமும் இன்னும் கொஞ்சம் ஏறும், ஓடும்போது அடக்கமாக இருந்த கசிவு அப்போதுதான் வெளியே வரும். டீ குடித்துவிட்டு வந்து டார்ச்சை அடித்துப் பார்ப்பார். எதிலிருந்து முதல் சொட்டு விழுகிறதோ அதுதான் ஆள்.

தேர்வில் உங்களுக்கு பிரஷர் டெஸ்டர் கொடுப்பார்கள், அதனால் இன்னும் சுலபம். எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் வாயில் மாட்டி, மூடியில் போட்டிருக்கிற அளவுக்கு மட்டும் அடியுங்கள். பழைய வண்டி மூடியில் 7 என்று இருந்தால் சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம்தான். இப்போதைய கார்களுக்கு 13, 15 என்று வரும், அந்தப் பழக்கத்தில் அம்பாசடருக்கும் 15 அடித்தால் நன்றாக இருக்கிற பழைய ஹோஸும் பிய்த்துக்கொள்ளும். டெஸ்டரின் முள் இறங்குகிறதா என்று சில நிமிடம் பாருங்கள். முள் இறங்குகிறது, வெளியே எங்கும் ஈரம் இல்லை என்றால் தண்ணீர் உள்ளே போகிறது, ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவில் இருக்கிற தகடு) பக்கம் சந்தேகப்பட வேண்டும். அதை வாயால் சொன்னாலே தேர்வாளர் தலையாட்டுவார். அழுத்தம் எதற்கு என்ற கேள்வியும் இங்கேயே வரும். மூடி 7 பவுண்டு பிடித்தால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் சுமார் 111 டிகிரி வரை தாங்கும். சூடான எஞ்சினில் மூடியைத் திறந்தால் முகத்தில் பீறி அடிப்பதும் இதனால்தான். ஆறாத எஞ்சினில் மூடிமேல் கை வைத்தீர்கள் என்றால் அத்தோடு பரீட்சை முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வீப் ஹோல். பம்ப் உடம்பின் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். இது எதற்கு என்று தெரியாமல் யாரும் தேர்வுக்குப் போகாதீர்கள். பம்புக்குள் ஒரு பக்கம் தண்ணீரும் அதைத் தள்ளுகிற இறக்கைச் சக்கரமான இம்பெல்லரும், இன்னொரு பக்கம் ஷாஃப்டைத் தாங்குகிற பேரிங். நடுவில் தண்ணீரைத் தடுக்கிற சீல். சீல் தேய்ந்து தண்ணீர் தாண்டி வந்தால் நேராக பேரிங்குக்குள் போய்க் கிரீஸைக் கழுவி எடுத்துவிடும், அப்படிப் போகாமல் வெளியே வழிந்துவிடத்தான் அந்த ஓட்டை. அதனால் அங்கிருந்து சொட்டினால் சீல் போயிற்று என்று அர்த்தம். லேசான காய்ந்த கறை மட்டும் இருந்தால் உடனே பம்பைக் குறை சொல்ல வேண்டாம். சொட்டு விழ வேண்டும், இல்லாவிட்டால் கறையின் கீழே புது ஈரம் தெரிய வேண்டும். நம் ஊரில் பாதி வண்டிகளில் போர் தண்ணீரைத்தான் ஊற்றுகிறார்கள், அதனால் வெள்ளையாக உப்புப் பூத்த தடமும் துருத் தடமும் இருக்கும். கூலன்ட் ஊற்றிய வண்டியில் அதன் நிறத்திலேயே தடம் தெரியும். ஓட்டையை எம்சீல் வைத்து அடைத்த வண்டி ஒன்றையும் பார்த்திருக்கிறேன், என்னத்தைச் சொல்ல.

அப்புறம் ஆட்டம். பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஃபேன் இறக்கையைப் பிடித்து முன்னும் பின்னும், மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், கையால் சுற்றியும் பாருங்கள். கரகரவென்று உரசினாலோ ஷாஃப்ட் ஆடினாலோ பேரிங் போயிருக்கிறது. பேரிங் ஆடினால் சீலும் நிற்காது, இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கூடவே கீழ் ஹோஸ் கிளிப், தெர்மோஸ்டாட் (தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கிற வால்வு) மூடி, எஞ்சின் பக்கவாட்டு ஓட்டைகளை அடைத்திருக்கிற தகட்டு மூடியான கோர் பிளக் எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பார்த்தேன் என்று தாளில் எழுதுங்கள். நான் முதல் முறை மார்க்கை விட்டது இங்கேதான். இரண்டாவது முறையும் ரேடியேட்டரைக் கழற்றினேன், அம்பாசடரில் அதை எடுத்தால்தான் கை தாராளமாக உள்ளே போகும். ஆனால் அந்தத் தடவை எதற்குக் கழற்றுகிறேன் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன்.

கழற்றுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, வகுப்பில் செய்ததுதான். பேட்டரி ஒயர், தண்ணீர் இறக்கம், ஹோஸ், டைனமோவைத் தளர்த்திப் பெல்ட், ஃபேன், புல்லி, கடைசியில் பம்ப். இரண்டு விஷயம் மட்டும். ஒன்று, இந்த எஞ்சினின் போல்ட்டெல்லாம் அங்குலக் கணக்கு. அரை அங்குல போல்ட்டுக்கு 13 மி.மீ. ஸ்பானர் சரியாக உட்கார்ந்த மாதிரியே இருக்கும், அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ. தான், அந்த 0.3 இடைவெளி துருப்பிடித்த போல்ட்டின் முனையை மழுக்கப் போதும். என் கூட எழுதிய பையன் அப்படி ஒன்றை உருட்டிவிட்டு மீதி நேரத்தை அதை எடுப்பதிலேயே கழித்தான். இரண்டு, போல்ட்கள் ஒரே நீளம் கிடையாது. டைனமோவின் முன் காது பம்பிலேயே மாட்டியிருக்கும் என்பதால் அங்கே வேறு போல்ட். ஒரு அட்டையில் பம்பின் உருவத்தைப் பேனாவால் வரைந்து, எந்த இடத்துப் போல்ட்டோ அந்த இடத்தில் அட்டையில் குத்தி வைத்துவிடுங்கள். நீள போல்ட்டைக் குட்டை இடத்தில் போட்டு முறுக்கினால் அடியில் முட்டி நின்றுவிடும், கைக்கு டைட் ஆன மாதிரி இருக்கும், பம்ப் மட்டும் பிடிக்காது.

பம்ப் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் மரச்சுத்தியால் பக்கவாட்டில் தட்டுங்கள். ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் கொடுத்து நெம்பினால் பம்ப் உட்காருகிற பரப்பில் கீறல் விழும், அந்தக் கீறல் வழியாகவே புது பம்பும் ஒழுகும். வந்த பம்பை ஓரமாகப் போட்டுவிடாதீர்கள், இம்பெல்லரைப் பாருங்கள். இறக்கை துருவில் கரைந்திருக்கலாம், ஷாஃப்டில் தனியாகச் சுற்றலாம். ஒழுகலே இல்லாமல் எஞ்சின் சூடேறுகிற வண்டிகளில் இதுவும் ஒரு காரணம், வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) நல்ல விடை.

பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவில் கசியாமல் இருக்க வைக்கிற பழைய பாக்கிங்கைச் சுரண்டும் இடத்தில்தான் அவசரம் வரும், அங்கேதான் நிதானம் வேண்டும். எஞ்சின் பிளாக்கின் ஓட்டையில் துணியை அடைத்துவிட்டுச் சுரண்டுங்கள், தூள் உள்ளே போனால் ரேடியேட்டர் குழாயில் போய் நிற்கும். அடைத்த துணியை மறக்காமல் எடுங்கள் (சிரிக்காதீர்கள், நடந்திருக்கிறது). புது பாக்கிங்குக்கு ஷெல்லாக் என்கிற ஒட்டும் பசையை மெலிதாகத் தடவினால் போதும். நாலா பக்கமும் பிதுங்கி வழிகிற அளவுக்குப் பூசினால் உள்ளேயும் அதே அளவு பிதுங்கியிருக்கும் என்பதை யோசியுங்கள். போல்ட்களை முதலில் எல்லாவற்றையும் கையால் ஏற்றி, பிறகு குறுக்கும் நெடுக்குமாக இரண்டு மூன்று சுற்றில் இறுக்கி, முடிவில் மேனுவல் சொல்கிற டார்க், அதாவது முறுக்கு அளவு. டார்க் ரெஞ்ச் இருக்கிறதா என்று நீங்களாகக் கேட்டு வாங்குங்கள். அவர்களாக எடுத்துக் கொடுக்க மாட்டார்கள், கேட்கிறீர்களா என்று பார்ப்பார்கள்.

பெல்ட், நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்க வேண்டும். சத்தம் வராமல் இருக்கட்டும் என்று விறைப்பாக இழுத்துக் கட்டுகிற பழக்கம் பலருக்கு உண்டு, புது பம்பின் பேரிங் சீக்கிரம் போக அதுவே போதும்.

தண்ணீர் ஊற்றியதும் வேலை முடிந்தது என்று கையைக் கழுவப் போகாதீர்கள். மெதுவாக ஊற்றி, மூடி போடாமல் எஞ்சினை ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறக்கும் வரை காத்திருங்கள். மேல் ஹோஸ் திடீரென்று சூடாகும், தண்ணீர் மட்டம் சட்டென்று இறங்கும், குமிழி வரும். அந்தக் காற்று வெளியேறினால்தான் மட்டம் உண்மையான மட்டம். நிரப்பி, மூடி போட்டு, பம்பின் அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஆறிய பிறகு மறுபடி மட்டம் பார்க்க வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுங்கள்.

வைவாவில் என்னிடம் கேட்டதை அப்படியே சொல்கிறேன். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டால் நல்லதுதானே என்றார், டாக்ஸிக்காரர்கள் நிறைய பேர் அப்படித்தானே ஓட்டுகிறார்கள். எஞ்சின் சூடு பிடிக்கத் தாமதமாகும், பெட்ரோல் கூடக் குடிக்கும், தேய்மானமும் கூடும் என்றேன். நம் ஊர் குளிருக்கு உறையாதே, கூலன்ட் எதற்கு என்றார். துருவுக்கும் உப்புப் படிவதற்கும் சார், சீலும் அதனால் தாங்கும் என்றேன். எஞ்சின் வால்வுகளை இயக்குகிற டைமிங் பெல்ட்டே பம்பைச் சுற்றுகிற வண்டி என்றால் என்ன செய்வாய் என்றார். டைமிங் குறியைச் சரிபார்த்துத்தான் கழற்றுவேன், பெல்ட்டையும் சேர்த்தே மாற்றுவேன் என்றேன். கடைசியாக, "ரேடியேட்டர்ல மஞ்சத்தூள் போட்டா ஒழுகல் நிக்கும்ங்கிறாங்களே?" என்றார் சிரித்துக்கொண்டே. ரேடியேட்டரில் ஊசிமுனை ஓட்டை என்றால் கொஞ்ச தூரம் ஓட்டிப் போகலாம் சார், சுற்றுகிற ஷாஃப்டின் சீலில் மஞ்சள் எங்கே போய் நிற்கும் என்றேன். அதற்கு மார்க் போட்டாரா தெரியாது, ஆனால் பக்கத்தில் நின்ற எங்கள் இன்ஸ்ட்ரக்டர் சாருக்கு முகம் மலர்ந்தது.

தேர்வன்று பையில் ஒரு டார்ச், ஒரு அட்டை, இரண்டு பழைய பனியன் துணி, பேனா இரண்டு எடுத்துப் போங்கள். முழுக்கைச் சட்டை போடுவதாக இருந்தால் கையைப் பொத்தான் போட்டு இறுக்கிவிடுங்கள், ஓடுகிற ஃபேன் பக்கத்தில் குனிய வேண்டியிருக்கும்.